இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எத்தனை கிலோமீட்டர்?

எங்கள் அலுவலகத்தில் ஆண்டுக் கடைசியில் ஒரு வேலை வரும். யார் யார் எங்கே பறந்தார்கள், எத்தனை கிலோமீட்டர், அதற்கு எவ்வளவு கார்பன் என்று ஓர் அறிக்கை போட வேண்டும். மூன்று பேர் பிரித்துக்கொண்டு செய்வோம். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பது எங்களில் இளையவனான ஒரு தம்பி. ஒருநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான்.

"அண்ணா, ஒரே டிரிப்புக்கு மூணு நம்பர் வருது. எதைப் போடட்டும்?"

ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கிலிருந்து அதே நாட்டின் வடக்கே உள்ள அக்குரேரிக்கு ஒரு பயணம். உள்நாட்டுப் பயணம், முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். திரையில் 222, 284, 344 என்று மூன்று எண்கள் இருந்தன. 222 என்னுடையது.

கால் மணி நேரத்தில் தீர்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆகிவிட்டது. மூன்றுமே பார்ப்பதற்குத் தவறாகத் தெரியவில்லை, மூன்றுமே அப்படியே சரியும் இல்லை என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தோம். அன்றிலிருந்து எங்கே விமான தூரம் என்று ஒரு எண்ணைப் பார்த்தாலும், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு, யாருக்காக அளந்தது என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

முதலில் 284. இதைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. ரெய்க்யவிக் என்று தட்டினால் பல பட்டியல்களில் முதலில் வருவது கெஃப்லாவிக் பன்னாட்டு நிலையம். அது நகரத்திலிருந்து தென்மேற்கே, நேர்க்கோட்டில் சுமார் 36 கி.மீ. தள்ளி இருக்கிறது. எங்கள் ஆள் ஏறியதோ நகருக்குள்ளேயே இருக்கும் சிறிய உள்நாட்டு நிலையத்தில். கெஃப்லாவிக்கிலிருந்து அக்குரேரி 284, நகர நிலையத்திலிருந்து 249. ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் இப்படித்தான் ஆகும். மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்துத் தேடியிருந்தால் ஆகியிருக்காது: நகர நிலையம் ஆர்.கே.வி., பெரிய நிலையம் கே.இ.எஃப்., அக்குரேரி ஏ.இ.ஒய். சிறிய நிலையங்களைப் பொறுத்தவரை பயணச்சீட்டில் உள்ள குறியீட்டைத் தவிர வேறு எதையும் நான் இப்போது நம்புவதில்லை.

அடுத்தது என் 222. இங்கேதான் நேரம் போனது.

நான் எந்தத் தளத்தையும் நம்பாமல் சொந்தமாகக் கணினியில் ஒரு விரிதாளில் சூத்திரம் எழுதி வைத்திருந்தேன். அதன்மேல் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு குறிப்புப் புள்ளி இருக்கும். பெரும்பாலும் ஓடுபாதைகளின் நடுப்பகுதிக்கு அருகில், அந்த நிலையத்தின் 'முகவரி' என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட ஒரு புள்ளி. அதன் அட்சரேகையும் தீர்க்கரேகையும் விமானத் தகவல் வெளியீடுகளில் இருக்கும். ரெய்க்யவிக் நகர நிலையத்துக்கு வடக்கே 64 டிகிரி 07 நிமிடம் 48 விநாடி, மேற்கே 21 டிகிரி 56 நிமிடம் 26 விநாடி. அக்குரேரிக்கு வடக்கே 65 டிகிரி 39 நிமிடம் 36 விநாடி, மேற்கே 18 டிகிரி 04 நிமிடம் 21 விநாடி.

நான் செய்தது என்ன? 64 டிகிரி 07 நிமிடம் 48 விநாடியை 64.0748 என்று எழுதியிருந்தேன். நிமிடத்தையும் விநாடியையும் புள்ளிக்குப் பின்னால் அப்படியே ஒட்டவைத்துவிட்டேன். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. முறையாக மாற்றினால் அது 64.13. வித்தியாசம் 0.055 டிகிரிதான், ஆனால் தரையில் அது 6 கி.மீ. அக்குரேரியில் இன்னும் மோசம். 65.66 என்று இருக்க வேண்டியது 65.3936 ஆகியிருந்தது. ஒரு விமான நிலையத்தையே 30 கி.மீ. தெற்கே தள்ளி மலைக்குள் வைத்திருக்கிறேன்.

என்னை உறுத்தியது, 222 பார்ப்பதற்குத் தப்பாகத் தெரியவில்லை என்பதுதான். 2,220 என்றோ 22 என்றோ வந்திருந்தால் உடனே கை நின்றிருக்கும். 249-க்குப் பதில் 222 என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டு ஆண்டுகளாக அந்தத் தாள் இப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. சந்தேகம் தட்டியது வேறு ஒரு வழியாக. அந்த நெடுவரிசை முழுவதையும் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்த தம்பி கேட்டான்: "அண்ணா, புள்ளிக்கு அப்புறம் வர்ற முதல் ரெண்டு இலக்கம் எதுவுமே 59-ஐத் தாண்டலையே?" உண்மையான தசம டிகிரியாக இருந்தால் பத்தில் நான்காவது .60-க்கு மேலே இருந்தாக வேண்டும். அறுபதுக்கும் மேற்பட்ட நிலையங்கள் கொண்ட பட்டியலில் ஒன்றுகூட இல்லை. அவை தசமங்களே அல்ல, வேஷம் போட்ட நிமிடங்கள். இந்தச் சோதனையை நான் எங்கும் படித்ததில்லை, அவன் கண்ணால் கண்டுபிடித்தது. இப்போது எந்த அட்சரேகை, தீர்க்கரேகைப் பட்டியல் கைக்கு வந்தாலும் முதலில் செய்வது இதைத்தான்.

அதே தாளில் இன்னொரு பிழையும் ஒளிந்திருந்தது. மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட வேண்டும், நான் போடவில்லை. ஐஸ்லாந்துப் பயணத்தில் இது தெரியவே தெரியாது. இரண்டு நிலையங்களும் மேற்கில் இருப்பதால், இரண்டுக்கும் குறி விட்டுப்போனால் கண்ணாடியில் பார்த்தது போல இரண்டும் கிழக்கே போய் நிற்கும், நடுவிலுள்ள தூரம் மாறாது. கிரீனிச் கோட்டைத் தாண்டும் பயணத்தில்தான் குட்டு வெளிப்படும். இங்கிலாந்தின் நாரிச் நிலையம் கோட்டுக்குக் கிழக்கே 1.28 டிகிரி, எக்ஸிடர் நிலையம் மேற்கே 3.41 டிகிரி. சரியாகப் போட்டால் 389 கி.மீ. குறியை விட்டுவிட்டால் 261. நூற்று இருபத்தெட்டு கிலோமீட்டர் ஒரு சின்னக் கோட்டில் காணாமல் போகிறது.

இனி சூத்திரம். பூமி உருண்டை என்பதால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தை வைத்து அந்த இரண்டையும் தொட்டு வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் வில். பெருவட்டம் என்பது அதுதான். ஒரு உலக உருண்டையில் நூலை இரண்டு ஊர்களுக்கு நடுவே இழுத்துப் பிடித்தால் நூல் தானாகவே அந்த வழியில்தான் போய் உட்காரும். அந்த வில்லின் நீளத்தைக் கணக்கிட ஹாவர்சைன் என்ற சூத்திரத்தைத்தான் பெரும்பாலானோர் பயன்படுத்துகிறார்கள். பெயரை 1835-இல் ஜேம்ஸ் இன்மன் என்ற ஆங்கிலேயர் கொடுத்தார், கடலோடிகளுக்காக. அதற்கு அடிப்படையான 'வெர்சைன்' (1-லிருந்து கொசைனைக் கழித்தால் வருவது) என்ற அளவு நம் பழைய வானியலுக்கும் புதிதல்ல, சூரிய சித்தாந்தம் அதை உத்கிரமஜ்யா என்று அழைக்கிறது.

இதைவிடச் சுருக்கமான கொசைன் சூத்திரம் ஒன்று இருக்கும்போது, ஹாவர்சைன் எதற்கு என்று எனக்கு நெடுநாள் புரியவில்லை. குறுகிய தூரங்களுக்கு வரும்போதுதான் புரிந்தது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு ஒரு விமானச் சேவை இருக்கிறது. உலகிலேயே மிகக் குறுகிய வழக்கமான பயணிகள் சேவை அது. தூரம் சுமார் 2.7 கி.மீ. இரண்டு நிமிடத்துக்குள் தரை இறங்கிவிடும், 53 விநாடியில் கடந்ததும் பதிவாகியிருக்கிறது. இந்தத் தூரத்தைக் கோணமாக்கி அதன் கொசைனை எடுத்தால் 0.99999991 என்று வரும். அந்தக் காலத்தில் கையால் கணக்குப் போட்டவர்கள் வைத்திருந்த ஏழு இலக்கக் கொசைன் அட்டவணையில் இதை எங்கே தேடுவது? 1 என்று எழுதினால் தூரம் பூஜ்யம். 0.9999999 என்று எழுதினால் 2.8 கி.மீ. அதற்கு அடுத்த படி 0.9999998, அது 4 கி.மீ. நடுவில் எதுவும் கிடையாது. அட்டவணையின் கண்ணுக்கு இரண்டு தீவுகளும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும், இல்லையென்றால் சட்டென்று தாவிவிடும். ஹாவர்சைன் பாதிக் கோணத்தின் சைனை எடுத்து வர்க்கம் செய்கிறது. 1-க்குப் பக்கத்தில் நெருக்கியடிப்பதற்குப் பதில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விசாலமாக வேலை செய்கிறது. இன்றைய கணினி பதினைந்து இலக்கம் வைத்துக்கொள்வதால் இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியாது. ஆனால் கையால் கணக்குப் போட்டுக் கப்பல் ஓட்டியவர்களின் கவனத்தை அந்தச் சூத்திரத்தில் பார்க்கும்போது எனக்கு மரியாதை வருகிறது.

சூத்திரத்தில் டிகிரியை ரேடியனாக மாற்ற வேண்டும், பூமியின் ஆரத்தை 6,371 கி.மீ. என்று வைக்க வேண்டும், அவ்வளவுதான். ரெய்க்யவிக் - அக்குரேரிக்கு 249.4 கி.மீ. வரும்.

பூமி சரியான உருண்டை இல்லையே என்று கேட்கலாம். இல்லைதான். நடுக்கோட்டில் ஆரம் 6,378.137 கி.மீ., துருவத்தில் 6,356.752 கி.மீ. இடுப்பில் 21 கி.மீ. பருமன் அதிகம். டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற நீள்கோள மாதிரியில் இதே பயணத்தை அளந்தால் 250.2 கி.மீ. எண்ணூறு மீட்டர் வித்தியாசம். தடேயுஸ் வின்சென்டி 1975-இல் வெளியிட்ட முறை இதை மில்லிமீட்டர் அளவுக்குத் துல்லியமாகக் கொடுக்கும். அலுவலக அறிக்கைக்கு மில்லிமீட்டர் தேவையில்லை.

வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். வலையில் நாம் பார்க்கும் பெரும்பாலான வரைபடங்கள் மெர்கேட்டர் வகை. அதில் ஐஸ்லாந்து இருக்கும் அட்சரேகையில் எல்லாம் இரண்டேகால் மடங்குக்கும் மேலாக உப்பித் தெரியும். நடுக்கோட்டு அளவுகோலை அங்கே கொண்டுபோய் வைத்தால் 249 கி.மீ. கிட்டத்தட்ட 590 ஆகிவிடும்.

நேர்க்கோடு என்று சொல்கிறோமே, அந்தக் கோடும் நேராக இல்லை. ரெய்க்யவிக்கில் கிளம்பும்போது பெருவட்டத்தின் திசை வடக்கிலிருந்து 45 டிகிரி. அக்குரேரிக்கு வந்து சேரும்போது ஏறக்குறைய 49. யாரும் திருப்பவில்லை. மேலே போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கி வருவதால் அதே கோட்டுக்குத் திசையின் பெயர் மாறுகிறது. இவ்வளவு சின்னப் பயணத்தில் பூமியின் வளைவு கையில் தட்டுப்படும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

விமானிகள் கணக்கிடுவது கடல் மைலில். 1929-இல் ஒரு கடல் மைல் 1,852 மீட்டர் என்று பன்னாட்டளவில் முடிவானது. அட்சரேகையின் ஒரு நிமிடம்தான் அதன் மூலம். அதிலும் அழகு என்னவென்றால், மீட்டரும் அதே பூமியிலிருந்து வெட்டியெடுத்ததுதான். நடுக்கோட்டிலிருந்து துருவம் வரை ஒரு கோடி மீட்டர் என்று பிரெஞ்சுக்காரர்கள் வைத்தார்கள். அதே தூரம் 90 டிகிரி, அதாவது 5,400 நிமிடம். ஒரு கோடியை 5,400-ஆல் வகுத்துப் பாருங்கள், 1,852 வந்து நிற்கும்.

சரி, 344 எங்கிருந்து வந்தது? மூன்றாவது சகா ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வணிக விதியைப் பின்பற்றியிருந்தார். டன்-கிலோமீட்டர் கணக்குக்கு, அதாவது சுமந்த எடையைத் தூரத்தால் பெருக்கும் கணக்குக்கு, அந்த விதி பெருவட்டத் தூரத்தோடு ஒரு நிலையான 95 கி.மீ. சேர்க்கச் சொன்னது. 249-உம் 95-உம் 344. (அந்த விதி டபிள்யூ.ஜி.எஸ். 84-ஐத்தான் சொன்னது. அதன்படி 345 வர வேண்டும். ஆனால் அது சின்ன விஷயம்.) ஐ.நா.வின் பன்னாட்டுக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பின் (ஐ.சி.ஏ.ஓ.) கார்பன் கணிப்பான் வேறு அளவு வைத்திருக்கிறது. 550 கி.மீ.க்குக் குறைவான பயணம் என்றால் 50, 5,500 வரை 100, அதற்கு மேல் 125. அதன்படி நம் பயணம் 299.

சும்மா ஏன் சேர்க்கிறார்கள்? விமானம் பெருவட்டத்தில் பறப்பதில்லை என்பதால். இந்த இடத்தில்தான் சிறிய நிலையங்களுக்கு நடுவிலான பயணம் பெரிய பயணங்களிலிருந்து அடியோடு மாறுபடுகிறது.

விமானம் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் மேலே எழும்பும். போக வேண்டிய திசை வடகிழக்கு, காற்று மேற்கிலிருந்து என்றால் முதலில் மேற்கே ஓடி, எழும்பி, பிறகுதான் திரும்ப வேண்டும். இறங்கும்போதும் அப்படியே. அக்குரேரியின் ஓடுபாதை கிட்டத்தட்ட தெற்கு வடக்காகக் கிடக்கிறது. அது ஒரு நீண்ட கடல் நுழைவாயின் உட்கோடியில் இருக்கிறது, இருபுறமும் மலைகள், அந்த வட்டாரத்தில் ஆயிரம் மீட்டரைத் தாண்டுபவை பல. விமானம் வருவதோ தென்மேற்கிலிருந்து. எந்த முனையில் இறங்கினாலும் ஓடுபாதையோடு ஒரே கோட்டுக்கு வந்தாக வேண்டும். வடக்கு முனையில்தான் இறங்க வேண்டிய நாள் என்றால் ஊரைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். 15 கி.மீ. தாண்டிப் போனது என்று வைத்துக்கொண்டால் போக வர 30.

இந்த 30 கி.மீ. ஆறாயிரம் கிலோமீட்டர் பயணத்தில் அரை சதவீதம். கண்ணில் படாது. 249 கி.மீ. பயணத்தில் 12 சதவீதம். புறப்படும் திருப்பமும் இறங்கும் திருப்பமும் எல்லாப் பயணத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான், பயணம் சிறுக்கச் சிறுக்க அவற்றின் பங்கு பெருகுகிறது. சேர்க்கும் தொகையைச் சதவீதமாக வைக்காமல் நிலையான கிலோமீட்டராக இரண்டு அமைப்புகளும் வைத்திருப்பதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் நியாயம் இருக்கிறது.

உயரம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். மேலே ஏறினால் வில்லின் ஆரம் கூடும், அதனால் தூரமும் கூடும் என்பது உண்மை. ஆனால் 7 கி.மீ. உயரத்தில் பறந்தால் கூடுவது ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் பயணத்தில் கால் கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். ஏறும் சரிவால் கூடுவதும் அப்படியே, சில நூறு மீட்டர்.

காற்றுதான் பெரியது. காற்றுக்குள் விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகிறது, எதிர்க்காற்று 100 என்று வையுங்கள். தரையைப் பொறுத்து வேகம் 400. 250 கி.மீ. கடக்க முப்பத்தேழரை நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் காற்றுக்குள் அது நீந்தியது 312 கி.மீ. எரிபொருளுக்குத் தெரிந்த தூரம் இந்த 312தான், வரைபடத்தின் 250 அல்ல. திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 208 மட்டும். போக 312, வர 208, கூட்டினால் 520. காற்றே இல்லாத நாளில் 500. ஒரே காற்று போகும்போது எடுத்ததை வரும்போது முழுதாகத் திருப்பித் தருவதில்லை, ஏனென்றால் எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் இருக்கிறோம்.

சட்டத்துக்கு இது எதுவும் வேண்டாம். தாமதத்துக்கும் ரத்துக்கும் இழப்பீடு தரும் ஐரோப்பிய விதி 261 பெருவட்டத் தூரத்தை மட்டும் பார்க்கிறது. 1,500 கி.மீ. வரை 250 யூரோ, ஒன்றியத்துக்குள் அதைத் தாண்டினால் 400. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போனவர்களின் வழக்கு ஒன்று 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் முடிந்தது. இரண்டு துண்டுகளையும் கூட்டினால் 1,656 கி.மீ., ரோமிலிருந்து ஹாம்பர்க்குக்கு நேராக 1,326. நேர்த் தூரம்தான் செல்லும் என்று தீர்ப்பு. பறந்தது 1,656, கைக்கு வந்தது 1,326-க்கான தொகை. பயணிக்கு உடன்பாடு இருக்காது. ஆனால் சுற்றுவழியில் போனவர்களின் சிரமமும் நேர்வழியில் போனவர்களின் சிரமமும் தாமதத்தைப் பொறுத்தவரை ஒன்றுதான் என்ற நீதிமன்றத்தின் வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது.

அன்று சாயங்காலம் தாளில் பழைய ஒற்றை நெடுவரிசையை அழித்துவிட்டு மூன்றாக்கினோம். முதலாவதில் குறிப்புப் புள்ளியிலிருந்து குறிப்புப் புள்ளிக்கு நீள்கோளத்தில் அளந்த தூரம். இரண்டாவதில் அறிக்கையின் விதி கேட்கும் கூட்டுத்தொகை. மூன்றாவதில் பறந்த தடம் கிடைத்தால் அதன் நீளம், கிடைக்காவிட்டால் வெற்றிடம். பழைய இரண்டு ஆண்டு அறிக்கைகளையும் திருத்தி, எங்கே பிழை நடந்தது என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்து அனுப்பினேன்.

எல்லாம் முடிந்து மடிக்கணினியை மூடப் போனபோது தம்பி வெஸ்ட்ரேயை ஞாபகப்படுத்தினான். அந்த 2.7 கி.மீ.யைத் தாளில் போட்டுப் பார்க்கலாமே என்றான். முதல் கட்டத்தில் 2.7. பன்னாட்டுக் கணிப்பானின் வழியில் இரண்டாவது கட்டத்தில் 52.7. இருவரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு நிமிடத்தில் முடிந்துபோகும் பயணம் அது, ஐம்பது கிலோமீட்டர் சுற்றுவதற்கு அதில் நேரம் எங்கே இருக்கிறது? அவன் அந்த வரிசையை அழிக்கவில்லை. பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினான்: "30 கி.மீ.க்குக் கீழே இருந்தால் இரண்டாவது எண்ணை நம்ப வேண்டாம், அண்ணாவிடம் கேட்கவும்." நான் 'அண்ணாவிடம் கேட்கவும்' என்பதை எடுத்துவிட்டு, 'மூன்றாவது நெடுவரிசையைப் பார்க்கவும்' என்று மாற்றினேன்.